வண்ணம் உதிரும் சுவர்கள்: ஜார்ஜ்டவுனில் ஒரு நாள் நடை

காலை ஏழரைக்கு ஆர்மீனியன் தெருவில் இருங்கள். பினாங்கின் ஜார்ஜ்டவுனைக் காலால் அறிய விரும்புகிறவருக்கு நான் சொல்லும் முதல் விதி இது. பத்து மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துக் கூட்டமும் நாலு சக்கர வாடகைச் சைக்கிள்களும் சேர்ந்துவிடும். சுவரில் இருக்கும் சித்திரத்தைவிட அதன்முன் நிற்பவர்களின் முதுகுதான் அதிகம் தெரியும். ஏழரைக்கு வெயில் ஏறியிருக்காது. கடைவீடுகளின் மரக்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். வாசல் தூணில் பதித்த சின்னச் சிவப்பு மாடத்தில் யாராவது ஊதுபத்தி செருகிக்கொண்டிருப்பார்கள். அங்கே குடியிருப்பவர்களின் தெருவாக அது இருக்கும் நேரம் அதுதான்.

பிரான்சிஸ் லைட் 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தொடங்கிய துறைமுக நகரம் ஜார்ஜ்டவுன். 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த அறிவிப்பின் மையப் பகுதி சுமார் 109 ஹெக்டேர்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். ஆனால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பதினொன்றரையிலிருந்து நான்கு வரை வெளியே அலைய வேண்டாம். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள ஊர் இது, ஈர வெக்கை ஆளைச் சோர்த்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் மாலை மழை அடிக்கடி கொட்டும். குடை எப்போதும் கையில் இருக்கட்டும்.

ஆர்மீனியன் தெருவில் முதலில் கண்ணில் படுவது சைக்கிள் பிள்ளைகள். ஒரு சிறுமி சைக்கிளை ஓட்டுகிறாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி வாயைத் திறந்து கத்திக்கொண்டே அவளை இறுக்கிப் பிடித்திருக்கிறான். பிள்ளைகள் வண்ணத்தில் இருக்கிறார்கள், சைக்கிள் நிஜமானது. பழைய சைக்கிள் ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் பொருத்தி, அதன்மேல் அவர்களை ஏற்றி வரைந்தவர் லித்துவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் சகாரெவிச். 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்காக அவர் வரைந்த தொகுப்பில் ஒன்று இது. அதே தொகுப்பில்தான் ஆ குவீ தெருவின் பழைய மோட்டார் சைக்கிள் பையனும், கேனன் தெருவில் நிஜ நாற்காலிமேல் ஏறிக் கையை நீட்டும் சிறுவனும், மன்ட்ரி தெருவில் இரண்டு ஜன்னல்களின் மேல்விளிம்பில் கையூன்றித் தொங்கும் நீலச் சட்டைச் சிறுமியும், பினாங்கு சாலையில் தன் வண்டியிலேயே சாய்ந்து காத்திருக்கும் ரிக்‌ஷாக்காரரும் வந்தார்கள். சில மாதங்களில் இவை ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டன. சட்டை, சாவிக்கொத்து, காந்த ஒட்டி என எல்லாவற்றிலும் இன்று அந்தச் சைக்கிள்தான்.

படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. சைக்கிளைத் தொடலாம், ஆனால் முழு எடையையும் போட்டு ஏற வேண்டாம். பொருத்திய கம்பி ஆடினால் சுவரின் காரையும் சேர்ந்து பெயர்கிறது. எடுத்து முடித்ததும் பத்தடி பின்வாங்கி, சித்திரத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். கீழ்ப்பகுதியில் காரை கொப்பளித்திருக்கும். சில இடங்களில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும், சில இடங்களில் செங்கல் தெரியும். இந்த ஊர்ச் சித்திரங்களின் கதையே அந்தக் கொப்பளத்தில் இருக்கிறது.

இந்தக் கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பிறகு அதைக் காற்றில் விட்டுவிடும். கடலோர மண்ணின் உப்பும் அந்த ஈரத்தோடு ஏறி வருகிறது. ஆண்டுதோறும் புதுச் சுண்ணாம்பு அடித்தால் சுவர் சுவாசித்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசினாலோ, பிளாஸ்டிக் தன்மையுள்ள நவீன வண்ணத்தை அடைத்து அடித்தாலோ ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கும். உப்பு படிகமாகி மேல்பூச்சைத் தள்ளும், வண்ணம் செதில் செதிலாக உதிரும். ஆகவே இங்கே உள்ள சித்திரம் ஒவ்வொன்றும் வரைந்த நாளிலிருந்தே போய்க்கொண்டிருக்கிறது. மங்கிவிட்டதே என்று குறைப்படும் பயணிகளைப் பார்க்கிறேன். எனக்கு அந்த மங்கல் பிடிக்கும். புதிதாக வண்ணமடித்துப் பளபளக்கும் பிரதியைவிட, சுவரோடு சேர்ந்து மூப்படையும் ஓவியம் அந்த இடத்துக்கு உண்மையாக இருக்கிறது.

சுவர்கள் இவ்வளவு பழையனவாக எப்படி எஞ்சின என்பதை அறியாமல் நடந்தால் பாதிதான் பார்த்ததாகும். மலேசியாவில் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கிட்டத்தட்ட உறைநிலையில் வைத்திருந்தது. வாடகை அற்பம் என்பதால் குடியிருந்தவர்கள் நகரவில்லை. வருமானம் இல்லாததால் உரிமையாளர்கள் இடித்துக் கட்டவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை. தையற்காரர், பிரம்பு முடைபவர், பலகையில் எழுத்துச் செதுக்குபவர், சொங்கொக் தொப்பி தைப்பவர் என்று கைத்தொழிலில் பிழைத்தவர்கள் நகரின் நடுவிலேயே தலைமுறைகளாக இருந்துவிட்டார்கள். 2000-இன் தொடக்கத்தில் சட்டம் முற்றாக நீங்கியது. வாடகை ஒரே தாவாகத் தாவியது. ஆயிரக்கணக்கானோர் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். எட்டு ஆண்டுகளில் யுனெஸ்கோ அறிவிப்பு வந்தது, அதற்குப் பின் சித்திரங்கள், அவற்றைத் தேடிக் கூட்டம், கூட்டத்துக்காகச் சின்ன விடுதிகளும் காபிக் கடைகளும். நீங்கள் ரசிக்கும் சுவருக்குப் பின்னால் முன்பு ஒரு குடும்பம் இருந்திருக்கும், இப்போது வரவேற்பு மேசை இருக்கலாம். அதனால்தான், இன்னும் ஆள் குடியிருக்கும் வீடுகளையும் இன்னும் தொழில் நடக்கும் கடைகளையும் தேடிப் போகச் சொல்கிறேன். உங்கள் பணம் அந்தக் கடைகளுக்குப் போகட்டும். ஒரு பிரம்புக் கூடையோ ஒரு கட்டு ஊதுபத்தியோ வாங்குவது, காந்த ஒட்டி வாங்குவதைவிட அந்தத் தெருவுக்கு நேரடியாக உதவும்.

ஆர்மீனியன் தெருவிலேயே 120-ஆம் எண் வீட்டின் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1910-இல் சீனப் புரட்சித் தலைவர் சன் யாட்-சென் தம் இயக்கத்தின் தளமாகப் பயன்படுத்திய வீடு அது. அருகிலுள்ள சூ ஹொங் சந்து மிகக் குறுகியது. எதிரே ஒருவர் வந்தால் தோளைத் திருப்பித்தான் போக வேண்டும். அதன் குறுகலைக் கிண்டல் செய்யும் இரும்புக் கம்பிச் சித்திரம் ஒன்று அங்கே இருக்கிறது.

இந்தக் கம்பிச் சித்திரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வண்ண ஓவியங்களுக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசிகூட இவற்றுக்குக் கிடைப்பதில்லை, ஊரைப் புரியவைப்பதிலோ இவைதான் முன்னால் நிற்கின்றன. பினாங்கு மாநில அரசு 2009-இல் நடத்திய போட்டியில் வென்ற திட்டம் இது. மலேசியக் கேலிச்சித்திரக்காரர்கள் வரைந்ததை, கம்பியை வளைத்துப் பற்றவைத்து, தெருக்களில் 52 இடங்களில் பொருத்தினார்கள். ஒவ்வொன்றும் அது நிற்கும் தெருவின் ஒரு நினைவைச் சொல்கிறது. மன்ட்ரி தெருவும் லீத் தெருவும் கூடும் பக்கத்தில், இந்த ஊரில் பிறந்த காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் பழகிய இடத்தை ஒன்று காட்டுகிறது. லவ் லேனில், வெளியில் வைத்த உறவு மனைவிக்குத் தெரிந்துவிட ஜன்னல் வழியே இறங்கி ஓடும் கணவன். கேனன் தெருவில், பீரங்கிக் குண்டு துளைத்த குழியால் தெருவுக்குப் பெயர் வந்ததாகச் சொல்லும் சித்திரம். கம்பியில் வண்ணம் இல்லை, உதிர்வதற்கும் ஒன்றுமில்லை. காலை வெயிலில் கம்பியின் நிழல் சுவரில் விழுந்து இரண்டாவது கோட்டோவியமாகும். அதையும் பாருங்கள்.

அந்தப் பீரங்கிக் கதைக்குப் பின்னால் 1867 ஆகஸ்டில் நடந்த பெருங்கலவரம் இருக்கிறது. சீன இரகசியச் சங்கங்கள் இரண்டு அணியாகப் பிரிந்து மோதின. மலாய், இந்திய முஸ்லிம்களின் செங்கொடி, வெண்கொடிச் சங்கங்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தன. அதை மனத்தில் வைத்துக்கொண்டு கூ கொங்சிக்குள் நுழையுங்கள். கூ என்னும் குலத்தாரின் மன்றம் அது. இன்றுள்ள கட்டடம் 1906-இல் முடிந்தது, உள்ளே போகக் கட்டணம் உண்டு. பெரிய முற்றத்தைச் சுற்றி வீடுகள் அடைத்து நிற்கின்றன, வெளியிலிருந்து வரும் வழிகளோ குறுகலாக இருக்கின்றன. தெருச்சண்டை நடந்த காலத்தில் குலத்தார் தம்மைக் காத்துக்கொள்ள அமைத்த ஏற்பாடு இது. கூரையில் பீங்கான் துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்த பூக்களும் மனிதர்களும் இருக்கிறார்கள். கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம்.

நடக்கும் வழியெல்லாம், கடைவீடுகளின் முன்னால் மேல்மாடியைத் தாங்கி நிற்கும் நிழல்பாதை இருக்கும். மலேசியத் தமிழர்கள் இதை அஞ்சடி என்பார்கள். வெயிலுக்கும் மழைக்கும் இதுவே கதி. ஆனால் இது பொதுவழியாகவும் வீட்டுத் திண்ணையாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் மறித்து நிற்கும், துணி காயும், ஒரு பாட்டி பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். வழியில்லாத இடத்தில் தெருவுக்கு இறங்கி ஏறிக்கொள்ளுங்கள், பொருள்களை நகர்த்தாதீர்கள். தரையோடு வைத்த மாடங்களையும் ஊதுபத்திக் கலயங்களையும் தாண்டிக் காலை வைக்காதீர்கள். அரைக்கதவு திறந்திருந்தால் உள்ளே எட்டிப் படம் எடுக்காதீர்கள். தலையசைத்து ஒரு புன்னகை செய்தால், பலமுறை அவர்களே கூப்பிட்டுக் காட்டுவார்கள். அஞ்சடியில் நிற்கும்போது ஜன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துளைகளைப் பாருங்கள். பல வீடுகளில் அவை வௌவால் வடிவத்தில் இருக்கும். சீனருக்கு வௌவால் நற்பேற்றின் குறி.

ஒன்பது மணிக்குமேல் ஆர்மீனியன் தெருவின் கிழக்கு முனையிலிருந்து கடற்பக்கம் நேராகப் போனால் வெல்ட் கரை. சாலையைக் கடந்தால் குலத் துறைகள். லிம், சியூ, டான், லீ, இயோ என்று ஒவ்வொரு குலத்தாரும் கடலுக்குள் மரக்கால்களை நட்டு, பலகைப்பாதை போட்டு, அதன் இருபுறமும் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தும் படகோட்டியும் பிழைத்தவர்களின் வழிவந்தவர்கள். பெரியது சியூ துறை. அங்கே கடைகள் நிறைந்துவிட்டன, கூட்டமும் அதிகம். லீ, டான் துறைகள் அமைதியானவை. இங்கேயும் சகாரெவிச் படகில் இரண்டு பிள்ளைகளை வரைந்திருந்தார். கடலின் உப்புக்காற்றில் அது வெகுவாக அழிந்துபோயிற்று. துறைகளே அழிந்த கதையும் உண்டு. குவே துறையும் பெங் ஆன் துறையும் 2006-இல் வீட்டுத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டன. பாரம்பரிய அறிவிப்பு அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் வந்தது. எஞ்சியவை பிழைத்தது அந்த அறிவிப்பால்தான் என்று நான் நம்புகிறேன். அறிவிப்பு கொண்டுவந்த கூட்டத்தால் அந்த வீட்டுக்காரர்கள் படும் தொல்லையும் உண்மை. படம் எடுக்க வேண்டாம் என்று எழுதிய வாசல்களில் கைப்பேசியை இறக்கிவிடுங்கள். இரவு அங்கே நடமாட வேண்டாம். பலகைப்பாதையில் ஒவ்வோர் அடியும் படுக்கையறைவரை கேட்கும்.

மதியத்துக்கு நாசி கண்டார். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் கழி வைத்து, அதன் இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு இது. இன்று கடைகளில் கிடைக்கிறது. இராமநாதபுரத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வந்த குடும்பங்கள் இந்தத் தொழிலில் நிறைய. “அண்ணே” என்று தமிழிலேயே தொடங்கலாம். சோற்றின்மேல் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்ல “பஞ்சிர்” என்றால் போதும். ஒரு எச்சரிக்கை: விலைப்பட்டியல் இல்லாத கடைகளில் தட்டைப் பார்த்தே தொகை சொல்வார்கள். பெரிய இறால், கணவாய் முட்டை, மீன்தலை எடுக்குமுன் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று கேட்டுவிடுங்கள். கேட்பதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

நான்கு மணிக்கு மாலை நடை. பழைய பிட் தெருவில், இன்றைய மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையில், வடக்கிலிருந்து தெற்காக இறங்குங்கள். 1818-இல் கைதிகளின் உழைப்பில் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயம், ஊதுபத்திப் புகை எப்போதும் கிளம்பும் கருணைத் தேவி கோயில், ஒரு தெரு கிழக்கே குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், 1801-இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், பிறகு 1808-இன் அச்சே தெருப் பள்ளிவாசல். ஒரு கிலோமீட்டருக்குள் இத்தனையும். பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் முழங்கால் மூடும் உடை வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தைத் தவிருங்கள்.

சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் முனையில் நாகூர் தர்கா ஷெரீப் இருக்கிறது. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. நாகூர்க் கரையையும் பினாங்கையும் இணைத்த கடல்வழி, ரஜூலா என்னும் பயணிகள் கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கிய காலத்திலும் உயிரோடிருந்தது. தமிழ் வாசகர்கள் இந்த முனையைச் சித்திரத் தேடலில் தாண்டிப் போய்விடக் கூடாது. சுற்றிலும் லிட்டில் இந்தியா. பினாங்கு தெருவில் ஒருகாலத்தில் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. சிறு பெட்டியும் சாய்வு மேசையுமாகத் தரையில் அமர்ந்து வட்டிக்கடை நடத்தினார்கள். இன்று அங்கே பூமாலை, பித்தளைப் பாத்திரம், சேலை, ஒலிபெருக்கியில் திரைப்பாட்டு. இப்பகுதியில் பெயர்பெற்ற சுவரோவியங்கள் குறைவு. கடைப் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். தமிழும் மலாயும் சீனமும் ஆங்கிலமும் ஒரே பலகையில் இடம் பங்கிட்டுக்கொள்ளும் பழைய பலகைகள் இன்னும் சில உண்டு. கையால் எழுதிய அந்தத் தமிழ் எழுத்துகளை நான் எந்தச் சுவரோவியத்துக்கும் குறைவாக எண்ணவில்லை. ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) வாங்கிக்கொண்டு எதிர் அஞ்சடியில் நின்று அவற்றைப் படியுங்கள்.

பொழுது சாய்கையில் மன்ட்ரி தெருவுக்கும் லவ் லேனுக்கும் போய் நீலச் சட்டைச் சிறுமியைப் பார்த்துவிடலாம். கால் ஓய்ந்தால் மூன்று சக்கர ரிக்‌ஷா இருக்கிறது. இங்கே பயணி முன்னால் உட்கார, ஓட்டுநர் பின்னாலிருந்து மிதிப்பார், ஆகவே தெரு முழுவதும் மறைப்பில்லாமல் தெரியும். ஏறுமுன் தொகை பேசிக்கொள்ளுங்கள். பேசிய பின் குறைக்காதீர்கள். ஓட்டுநர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், உழைப்போ கடுமையானது.

ஊர் ஜூலை 7-ஐப் பாரம்பரிய நாளாகக் கொண்டாடுகிறது, பினாங்கில் அன்று விடுமுறை. தெருக்களில் நிகழ்ச்சிகள் இருக்கும், ஆனால் கைத்தொழில் கடைகள் பல மூடியிருக்கும். தொழிலைப் பார்க்க வருகிறவர் சாதாரண வேலைநாளில் வரட்டும்.

உங்கள் பயணத்தில் ஞாயிறு ஒன்று சேர்ந்தால் குர்த்வாரா சாலையிலுள்ள ஹின் பஸ் டிப்போவுக்குப் போங்கள். கைவிடப்பட்ட பழைய பேருந்துப் பணிமனை அது. 2014 ஜனவரியில் சகாரெவிச்சின் கண்காட்சியோடு கலைக்கூடமாகத் திறந்தது. புல்வெளியைச் சுற்றியுள்ள சுவர்களில் பல நாட்டு ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். இங்கே வரைவதற்கு இடம் விட்டிருப்பதால், பழைய சித்திரத்தின்மேல் புதியது வரும். போன ஆண்டு பார்த்தது இந்த ஆண்டு இருக்காது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உள்ளூர்க்காரர்கள் கையால் செய்த மண்பாண்டம், அச்சோவியம், பலகாரம் விற்கிறார்கள். விற்பவரே செய்தவராக இருப்பதால் பொறுமையாக விளக்குவார்கள். அங்கிருந்து கொம்தார் பேருந்து நிலையம் நடக்கும் தூரம்தான். பழைய நகரைச் சுற்றும் இலவசக் கேட் பேருந்தும் அங்கே நிற்கும். படகுத்துறைக்குப் போகிறவர்கள் அதில் ஏறி வெல்ட் கரையில் இறங்கலாம்.